அருணை மலையடியில் நீரைத் தேடி

அரையாண்டுத் தேர்வு முடிந்து, கிறிஸ்து பிறப்பு விழாவும் கழிந்த அந்தச் சில நாட்களில் பங்குக் குடும்பங்கள் பலவற்றில் ஒரே பேச்சுத்தான். பிள்ளைகளை எங்கே அழைத்துச் செல்லலாம்? ஏரியும் அருவியும் கண்டால் அவர்கள் மகிழ்வர். செலவும் மிகக் கூடாது. ஞாயிறு திருப்பலிக்கு ஊர் வந்து சேர வேண்டும். இவ்வாறு எண்ணுகின்ற அன்பர்களுக்காகவே இக்கட்டுரை.

ஏரிகளும் அருவிகளும் நிறைந்த தேசியப் பூங்கா என்றவுடன் உலகோர் நினைவுக்கு வருவது குரோவாசியா நாட்டின் பிளிட்விச் ஏரிகள். 1949ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்று, 1979ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்க்கப்பெற்றது. 16 ஏரிகள் படிக்கட்டுகளைப் போல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்துள்ளன. மேல் ஏரியின் நீர் கீழ் ஏரியில் அருவியாய் வீழ்கிறது. அவற்றுள் பெரிய அருவியின் உயரம் 78 மீட்டர். இதில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. அந்த ஏரிகளின் கரைகளை மனிதர் எவரும் எழுப்பவில்லை. நீரில் கரைந்து வரும் சுண்ணாம்பு, பாசியின் மீதும் நீர்ச்செடிகளின் மீதும் படிந்து படிந்து கல்லாகி அணையாயிற்று. இன்றும் அது வளர்ந்துகொண்டே இருக்கிறது. பாசியைக் காலால் மிதித்தால் அணையே கெடும் என்பதனால், பார்வையாளர் மரப்பலகைப் பாதைகளின் மேல்தான் நடக்க வேண்டும். ஏரியில் இறங்கிக் குளிக்கவும் தடை உண்டு.

திருவண்ணாமலை மாவட்டத்தில் தேசியப் பூங்கா எதுவும் இல்லை. கிண்டி, முதுமலை, ஆனைமலை, முக்கூர்த்தி, மன்னார் வளைகுடா என்று தமிழகத்தில் இருப்பவை ஐந்தே. எனினும், செங்கம் சாலையில் இரமணாசிரமத்தின் அருகே ஓரிரவு தங்கிப் புறப்படுவோர் இரண்டு நாட்களில் சுனை, குளம், ஏரி, அருவி, அணைக்கட்டு ஆகிய ஐந்தையும் கண்டுவிடலாம். பிளிட்விச்சில் பாசி செய்யும் வேலையை இங்கே புல்லும் வேரும் செய்கின்றன என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காட்டுவதற்குரியது அதுவே என்பது என் கருத்து.

முதலில் மலை. அது பிற சமயத்தாரின் திருத்தலம். நாம் அங்கே விருந்தினர். ஆசிரமத்தினுள் உரத்துப் பேசாமலும், காலணியைக் கழற்ற வேண்டிய இடத்தில் கழற்றியும் நடந்துகொண்டால் எவரும் நம்மை அயலாராய் நோக்குவதில்லை. பிரெஞ்சு நாட்டுப் பெனடிக்டீன் சபைத் துறவியாரான ஆன்றி லெசோ அடிகள், பிற்காலத்தில் சுவாமி அபிஷிக்தானந்தர் என்று அறியப்பெற்றவர், 1949ஆம் ஆண்டில் இங்கு வந்து இரமணரைக் கண்டார். இரமணர் மறைந்தபின் இம்மலைக் குகைகளில் தங்கித் தவமும் புரிந்தார். மோன்சானின் அடிகளாருடன் 1950இல் அவர் சாந்திவனத்தை நிறுவிய ஊர் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளி. ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் அமைந்தது ஓர் அழகு!

ஆசிரமத்தின் பின்புறமிருந்து மலைமேல் செல்லும் பாதை கந்தாசிரமத்தை அடைகிறது. 1916 முதல் 1922 வரை இரமணர் வாழ்ந்த இடம் இது. அங்கே ஒரு சுனை உள்ளது. கீழே கோயில் கோபுரங்களும் ஊரும் வெயிலில் காய்ந்து கிடக்க, இங்குமட்டும் மரநிழலும் நீரின் ஓசையும் இருக்கக் கண்டு பிள்ளைகள் காரணம் கேட்பர். கேட்காவிடில் நாமே கேட்கச் செய்ய வேண்டும்.

அருணை மலை கருங்கல் மலை. கருங்கல் நீரைக் குடிப்பதில்லை. மேலே பெய்யும் மழை, பாறை வழுக்கலாய் இருந்தால் சில மணி நேரத்தில் அடிவாரம் சேர்ந்து ஓடிவிடும். பாறைமேல் மண் இருந்து, மண்மேல் சருகு இருந்து, இரண்டையும் வேர்கள் பிடித்துக்கொண்டிருந்தால், அம்மழை மண்ணில் ஊறிப் பாறை வெடிப்புகளில் இறங்கி, மாதக்கணக்கில் சிறுகச் சிறுகக் கசிந்து வரும். அக்கசிவே சுனை. ஆகவே மரம் தண்ணீரை உண்டாக்குவதில்லை; வந்த நீரை உடனே போகவிடாமல் நிறுத்திவைக்கிறது. நல்ல இல்லத்தரசி மாதச் சம்பளத்தை முதல் வாரத்திலேயே செலவழித்துவிடாமல் வைத்திருப்பதைப் போன்றது இது.

சென்ற நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலை பெரும்பாலும் மொட்டையாகக் கிடந்தது. விறகுக்கு மரம் வெட்டினர். ஆடுமாடு தளிரை மேய்ந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆளுயரம் வளரும் புல் கோடையில் காய்ந்து ஆண்டுதோறும் தீப்பற்றியது. 1988ஆம் ஆண்டில் அண்ணாமலை காடு வளர்ப்புச் சங்கம் தொடங்கப்பெற்றது. அதன்பின் வேறு தொண்டு நிறுவனங்களும் வனத்துறையும் இப்பணியில் ஈடுபட்டன. இம்மண்ணுக்குரிய மரங்களின் விதைகளைத் திரட்டி, நாற்றங்காலில் வளர்த்து, மழை தொடங்கியதும் கன்றுகளைத் தலைச்சுமையாய் ஏற்றி நட்டனர். நடுவதைவிடக் கடினமானது காப்பது. கோடை வருமுன் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புப் பாதைகள் அமைப்பதும், தீ கண்டவிடத்துப் பச்சைத் தழையால் அடித்து அணைப்பதும் ஆண்டுதோறும் செய்தாக வேண்டிய வேலை. அதன் பயனை இன்று கந்தாசிரமப் பாதையில் நடப்போர் நிழலாய் அனுபவிக்கின்றனர். அங்கே ஒருவர் எறியும் பீடித் துண்டு பலர் பல்லாண்டுகள் பட்ட பாட்டைச் சில மணி நேரத்தில் சாம்பலாக்கிவிடும்.

மலையை வலம் வரும் பாதை 14 கிலோமீட்டர். அவ்வழியெங்கும் தீர்த்தக் குளங்கள். ஆசிரமத்தை ஒட்டியே பாலாக்கொத்துக் குளம். சாலைக்குத் தெற்கே சமுத்திரம் ஏரி. மலைநீர் இறங்கி வரும் ஓடைகளை நம்பியே முன்னோர் இவற்றை வெட்டினர். ஓடையை மறித்து வீடோ சாலையோ எழும்பினால், ஏரி வறண்டும் தெரு வெள்ளக்காடாயும் போகும்.

இவ்விடத்தில் துயரமான செய்தி ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியவில்லை. 2024ஆம் ஆண்டு டிசம்பர் 1ஆம் நாள், பெஞ்சல் புயல் மழையில் இம்மலையின் சரிவில் மண்ணும் பாறையும் பெயர்ந்து, அடிவாரத்து வ.உ.சி. நகரில் ஒரு வீட்டின்மீது வீழ்ந்தன. எழுவர் மாண்டனர். அவர்களுள் ஐவர் சிறுவர் சிறுமியர். அவ்வாண்டுக் கார்த்திகைத் தீபத்தன்று பக்தர்கள் மலையேற அனுமதி இல்லை. மரம் அடர்ந்திருந்தால் அம்மண் சரிந்திராது என்று சொல்ல நான் துணியேன். அத்தகைய மழையில் காடுள்ள மலைகளும் சரிந்திருக்கின்றன. ஆயினும் வாடகை குறைந்த வீடு தேடி ஏழைகள் மலைச்சரிவை நோக்கியே தள்ளப்படுகிறார்கள் என்பது கண்கூடு. நாம் குடும்பத்தோடு கண்டு களிக்கும் சரிவில்தான் அவர்கள் குடும்பத்தோடு உறங்குகிறார்கள்.

அருவி காண விழைவோர் போளூர் வழியாக ஜவ்வாது மலையேறி ஜமுனாமரத்தூர் செல்லலாம். மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை பயிரிட்டு வாழும் மலை அது. அங்கே கோலப்பன் ஏரியும், காட்டினுள்ளே பீமன் அருவியும் உண்டு. மழைக்காலத்தை ஒட்டிச் சென்றால்தான் அருவியில் நீர் இருக்கும்; கடுங்கோடையில் பாறையைத்தான் பார்த்து வர வேண்டும். பாறையில் பாசி வழுக்கும். மேலே பெய்த மழை கீழே இருப்போருக்குத் தெரியாது. நீர் திடீரெனக் கலங்கி வந்தால் உடனே பிள்ளைகளைக் கரையேற்றுவது நலம். செய்யாறு பிறப்பதும் இம்மலைத்தொடரில்தான். வேலூர் மறைமாவட்டத்து வயல்கள் பல இம்மலைகளின் கசிவை உண்டே வாழ்கின்றன.

இறுதியாகச் சாத்தனூர் அணை. தண்டராம்பட்டு வழியே செல்ல வேண்டும். கருநாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து வரும் தென்பெண்ணையாற்றைத் தடுத்து, காமராசர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பெற்று 1958இல் நிறைவுற்றது. உயரம் 119 அடி. கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. பூங்காவும் முதலைப் பண்ணையும் பிள்ளைகளைக் கவரும். நீர்த்தேக்கத்திலும் முதலைகள் உண்டு. எவரையும் இறங்க விடாதீர்கள்.

முதலையைப் பார்த்து முடித்தபின் அணைமேல் சிறிது நேரம் நில்லுங்கள். முன்சொன்ன அதே புயலில் மேற்பகுதியான ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பெருகிவந்த நீரைத் தேக்க வழியின்றி, டிசம்பர் 2ஆம் நாள் விடியுமுன்னரே நொடிக்கு 1 இலட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை திறந்துவிடப்பட்டது. திருக்கோவிலூர்ப் பக்கமிருந்து கடலூர் வரை ஆற்றோர ஊர்கள் நீரில் தத்தளித்தன. அணையில் பணியாற்றுவோர் நாள்தோறும் இரண்டு எண்களைக் குறித்துவைக்கிறார்கள்: உள்ளே வரும் நீர் எவ்வளவு, வெளியே போகும் நீர் எவ்வளவு. அன்றைய எண்கள் என்னவென்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். கேட்ட பின், ஆறு வளைந்து செல்லும் கீழ்த்திசையைக் காட்டி, அக்கரைகளில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லுங்கள்.