லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்?

அமெரிக்காவில் 2004ஆம் ஆண்டு மாதிரியாக விற்கப்பட்ட டொயோட்டா பிரியஸ் மகிழுந்து, நகரச் சாலையில் லிட்டருக்கு 25.5 கிலோமீட்டர் ஓடும் என்று அதன் கண்ணாடியில் ஒட்டப்பட்ட அரசுச் சீட்டு அறிவித்தது. அங்கு வழங்கும் மைல், காலன் அளவுகளை நம் அளவுக்கு மாற்றினால் கிடைக்கும் எண் இது. அதே பெயருடைய 2023ஆம் ஆண்டு மாதிரியின் அடிப்படை வகைக்கு அச்சீட்டு தரும் எண் 24.2. ஏறத்தாழ இருபது ஆண்டுக்கால ஆய்வுக்குப் பின்னும் எரிபொருள் சிக்கனம் குறைந்துவிட்டது என்றே இவ்விரு எண்களையும் காண்பவர் முடிவு செய்வர். உண்மை அதற்கு நேர்மாறானது. மாறியது ஊர்தி மட்டுமன்று. அதனை அளந்த முறையும் மாறிவிட்டது.

கலப்பின ஊர்தி இயங்கும் முறை

பெட்ரோல் எந்திரமும் மின்னோடியும் இணைந்து இயக்கும் ஊர்தியே கலப்பின ஊர்தி எனப்படுகிறது. சாதாரண மகிழுந்தில் பிரேக்கை அழுத்தும்போது ஊர்தியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறி வீணாகிறது. கலப்பின ஊர்தியில் அவ்வேளையில் மின்னோடியே மின்னாக்கியாக மாறி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேர்க்கிறது. ஊர்தி மீண்டும் புறப்படும்போது அம்மின்சாரம் பயன்படுகிறது. சந்திப்புகளில் காத்திருக்கும்போது எந்திரம் தானே நின்றுவிடுவதால் அங்கும் எரிபொருள் மிஞ்சுகிறது.

நின்றும் நகர்ந்தும் செல்லும் நகரப் போக்குவரத்தில் இவ்வமைப்பின் பயன் மிகுதி. நெடுஞ்சாலையில் நிலை வேறு. அங்கு ஊர்தி மணிக்கணக்காக ஒரே வேகத்தில் ஓடுகிறது. பிரேக்கை அழுத்தும் தேவை அரிது. எனவே, மீட்டெடுக்கத்தக்க ஆற்றலும் குறைவே. நெடுஞ்சாலையில் கலப்பின ஊர்தியின் சிக்கனத்தைப் பெரிதும் முடிவு செய்பவை எந்திரத்தின் திறனும், உடலமைப்பு காற்றைக் கிழித்துச் செல்லும் தன்மையும், உருளிப்பட்டைகளின் உராய்வுமே ஆகும்.

இவற்றுள் காற்றுத் தடையே வேகம் கூடும்தோறும் முதன்மை பெறுவது. அது வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உயர்கிறது. மணிக்கு 80 கிலோமீட்டரில் செல்லும் ஊர்தி 120 கிலோமீட்டருக்கு விரைந்தால், வேகம் ஒன்றரை மடங்கே கூடுகிறது. காற்றுத் தடையோ இரண்டேகால் மடங்காகிறது. ஒரே ஊர்தி, ஒரே சாலையில், ஒரே ஓட்டுநரிடம் வெவ்வேறு நாளில் வெவ்வேறு சிக்கனம் காட்டுவதற்கு இதுவே முதற்காரணம்.

அளவுகோல் மாறிய கதை

மகிழுந்தின் எரிபொருள் சிக்கனம் சாலையில் அளக்கப்படுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின்மீது சக்கரங்களைச் சுழலவிட்டு, வரையறுத்த வேகங்களில் இயக்கி அளக்கின்றனர். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பழைய நெடுஞ்சாலைச் சோதனை 1970களில் உருவானது. அச்சோதனையின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 97 கிலோமீட்டர். சராசரி வேகம் 78 கிலோமீட்டருக்கும் குறைவு. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி, 1974இல் அந்நாடு முழுவதும் மணிக்கு 88 கிலோமீட்டர் என்னும் வேக வரம்பு விதிக்கப்பட்டிருந்த காலம் அது. அவ்வரம்பு 1995இல் முற்றிலும் நீக்கப்பட்டது. பல மாநிலங்களின் நெடுஞ்சாலைகளில் ஊர்திகள் 110 கிலோமீட்டரைத் தாண்டி விரையத் தொடங்கின. ஆய்வுக்கூட உருளைகளோ பழைய வேகத்திலேயே சுழன்றுகொண்டிருந்தன. குளிரூட்டி இயக்கப்படாமல், மிதமான வெப்பநிலையில், மென்மையான முடுக்கத்துடனேயே சோதனை நிகழ்ந்தது.

இக்குறையை முகமை அறியாமல் இல்லை. 1985ஆம் ஆண்டு மாதிரிகள் முதல், ஆய்வுக்கூடத்தில் கிடைத்த எண்ணிலிருந்து நகரச் சாலைக்கு 10 விழுக்காடும் நெடுஞ்சாலைக்கு 22 விழுக்காடும் கழித்தே சீட்டில் அச்சிட்டனர். எனினும், எல்லா ஊர்திகளுக்கும் ஒரே கழிவு என்பது பொருந்தவில்லை. மென்மையாக ஓட்டினால் மிகுந்த சிக்கனம் தருவதும், விரைந்து ஓட்டினால் அதனை இழப்பதும் கலப்பின ஊர்தியின் இயல்பு. ஆதலால், சீட்டில் கண்ட எண்ணுக்கும் எரிபொருள் நிலையத்தில் செலுத்திய பணத்துக்கும் இடையிலான வேறுபாடு அதன் உரிமையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

2008ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் புதிய முறை நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 129 கிலோமீட்டர் வரை விரையும் சோதனை, 35 பாகை செல்சியசு வெப்பத்தில் குளிரூட்டியுடன் நிகழும் சோதனை, உறைநிலைக்குக் கீழே 7 பாகைக் குளிரில் நிகழும் சோதனை ஆகியவற்றின் விளைவுகளும் கணக்கில் சேர்ந்தன. பழைய ஊர்திகளின் எண்களையும் புதிய முறைக்கேற்ப மாற்றி முகமை வெளியிட்டது. அதன்படி, 2004ஆம் ஆண்டு பிரியஸின் நகரச் சாலைச் சிக்கனம் 25.5இலிருந்து 20.4 ஆகவும், நெடுஞ்சாலைச் சிக்கனம் 21.7இலிருந்து 19.1 ஆகவும் இறங்கின. ஊர்தியில் ஓர் ஆணிகூட மாறவில்லை. அளவுகோல் மட்டுமே உண்மையை நெருங்கியது.

ஒரே தராசில் பழையதும் புதியதும்

இப்போது ஒப்பீடு முறையாகிறது. திருத்திய முறைப்படி நெடுஞ்சாலையில் 2004ஆம் ஆண்டு பிரியஸ் லிட்டருக்கு 19.1 கிலோமீட்டரும், 2010ஆம் ஆண்டு மாதிரி 20.4 கிலோமீட்டரும், 2016ஆம் ஆண்டு மாதிரி 21.3 கிலோமீட்டரும், 2023ஆம் ஆண்டு அடிப்படை வகை 23.8 கிலோமீட்டரும் தருகின்றன. முதலாவதற்கும் இறுதியானதற்கும் இடையிலான வளர்ச்சி ஏறத்தாழ 24 விழுக்காடு. பழைய சீட்டின் 21.7ஐ அப்படியே வைத்து ஒப்பிட்டிருந்தால், இவ்வளர்ச்சி 10 விழுக்காடாகச் சுருங்கித் தோன்றியிருக்கும்.

இவ்வளர்ச்சி ஒரே கண்டுபிடிப்பால் வந்ததன்று. 2010ஆம் ஆண்டு மாதிரியில் எந்திரத்தின் கொள்ளளவு 1.5 லிட்டரிலிருந்து 1.8 லிட்டராக உயர்ந்தது. எந்திரம் பெரிதானால் எரிபொருள் கூடுதலாகச் செலவாகும் என்பது பொதுக் கருத்து. நெடுஞ்சாலையிலோ, சற்றுப் பெரிய எந்திரம் குறைந்த சுழற்சியிலேயே தேவையான ஆற்றலைத் தந்து சிக்கனத்தைக் கூட்டியது. எரிபொருளின் ஆற்றலில் பயனுள்ள வேலையாக மாறும் பங்கு, 2010ஆம் ஆண்டு மாதிரியின் எந்திரத்தில் உச்ச அளவாக 38.5 விழுக்காடாக இருந்து, 2016ஆம் ஆண்டு மாதிரியில் 40 விழுக்காட்டை எட்டியது. 2004இல் மொத்தம் 110 குதிரைத்திறன் கொண்டிருந்த பிரியஸ், 2023இல் 194 குதிரைத்திறன் பெற்றும் குறைவாகவே எரிபொருளைச் செலவிடுகிறது.

பழையது வென்ற இடம்

எல்லா ஒப்பீட்டிலும் புதியதே வெல்லும் என்று எண்ணுதல் பிழை. 1999ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அறிமுகமான ஹோண்டா இன்சைட், இருவர் மட்டுமே அமரக்கூடிய சிறிய மகிழுந்து. அலுமினிய உடல், ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள மூன்று உருளை எந்திரம், பின்சக்கரங்களை மூடிய தட்டுகள் என அதன் ஒவ்வோர் உறுப்பும் சிக்கனத்தையே நோக்கமாகக் கொண்டிருந்தது. கையால் பல்லிணை மாற்றும் வகையின் எடை 850 கிலோகிராமுக்கும் குறைவு. திருத்திய முறையிலும் அது நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 25.9 கிலோமீட்டர் தருகிறது. அதே பெயரில் வந்த 2019ஆம் ஆண்டு மாதிரி தருவதோ 20.8 கிலோமீட்டர்.

இதனால் தொழில்நுட்பம் பின்னோக்கிச் சென்றதாகக் கொள்ளலாகாது. புதிய இன்சைட் ஐவர் அமரும் குடும்ப ஊர்தி; எடை 1,300 கிலோகிராமுக்கும் மேல். இருக்கைகள் யாவும் நிறைந்து 100 கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், பழைய ஊர்தி ஆளொன்றுக்கு ஏறத்தாழ 1.9 லிட்டரும் புதியது 1 லிட்டருக்குச் சற்றுக் குறைவாகவும் செலவிடும். ஒருவர் மட்டுமே பயணம் செய்தால் பழையதே சிக்கனமானது. எது சிறந்தது என்னும் வினாவுக்கு, எத்தனை பேர் செல்கின்றனர் என்னும் எதிர்வினாவே முதல் விடை.

எண்ணைப் படிக்கும் முறை

லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்னும் அளவிலேயே ஒரு மயக்கம் உண்டு. லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்த ஊர்தி 12.5 கிலோமீட்டர் தருமாறு மேம்பட்டால், 100 கிலோமீட்டர் பயணத்தில் 2 லிட்டர் மிஞ்சும். 20 கிலோமீட்டர் தந்தது 25 ஆக மேம்பட்டால் 1 லிட்டரே மிஞ்சும். பின்னதில் எண் இருமடங்கு உயர்ந்தாலும் சேமிப்பு பாதியே. ஆகவே, பல நாடுகள் 100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடுகின்றன. அவ்வகையில், 2004ஆம் ஆண்டு பிரியஸ் நெடுஞ்சாலையில் 5.2 லிட்டரும் 2023ஆம் ஆண்டு பிரியஸ் 4.2 லிட்டரும் செலவிடுகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறுகிறது. ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓடும் ஊர்திக்கு இவ்வேறுபாடு 150 லிட்டர் எரிபொருளாகவும், ஏறத்தாழ 345 கிலோகிராம் வாயுவாகவும் பெருகும்.

ஆய்வுக்கூட எண் எதுவாயினும், சாலையில் கிடைக்கும் சிக்கனத்தை அளக்கும் வழி எளிது. கலனை முழுவதும் நிரப்பி, ஓடிய தொலைவைக் குறித்துக்கொண்டு, மீண்டும் அதே அளவுக்கு நிரப்பும்போது ஊற்றிய லிட்டரால் அத்தொலைவை வகுத்தல் வேண்டும். 720 கிலோமீட்டர் ஓடியபின் 36 லிட்டர் ஊற்ற நேர்ந்தால், சிக்கனம் லிட்டருக்கு 20 கிலோமீட்டர். எதிர்க்காற்று, ஏற்றம், குளிர், சுமை, உருளிப்பட்டையின் காற்றழுத்தம் ஆகியவை ஒரு பயணத்தின் முடிவைத் திரித்துவிடும் என்பதால், பல நிரப்புதல்களின் சராசரியே நம்பத்தக்கது. இரண்டு ஊர்திகளை ஒப்பிடுவோர் சாலை, வேகம், பருவம், சுமை ஆகியவற்றையும் ஒன்றாக வைத்தல் வேண்டும்.

விளம்பரத்திலோ சீட்டிலோ காணும் எண் பொய்யாக இருக்க வேண்டியதில்லை; எந்த வேகத்தில், எந்த வெப்பநிலையில், எந்த முறையில் பெறப்பட்டது என்று அறியாதவரை அது முழு உண்மையும் ஆகாது. 25.5 என்னும் எண்ணைவிட 20.4 சிறியது. ஆயினும், 2004ஆம் ஆண்டு பிரியஸை வாங்க நினைத்த குடும்பத்தின் மாதச் செலவுக் கணக்கிற்கு அந்தச் சிறிய எண்ணே உண்மையான துணை.