பாலைவன ஏரியில் பாஸ் மீன்

பாலைவனத்தில் மீன்பிடிப்பா என்று வியக்க வேண்டாம். அமெரிக்காவின் தென்மேற்கில் மழை மிகக் குறைவு. ஆனால் ராக்கி மலைகளில் பனி உருகி வரும் கொலராடோ ஆறு அந்த வறண்ட நிலத்தின் வழியே ஓடுகிறது. அதன் குறுக்கே கட்டிய கிளென் கேன்யன் அணையில் 1963-ஆம் ஆண்டு நீரைத் தேக்கத் தொடங்கினர். அவ்வாறு உருவானது பாவெல் ஏரி. தூண்டில் விளையாட்டுக்காக அதில் பெருவாய் பாஸ் மீனையும், 1980-களில் அதன் உறவான சிறுவாய் பாஸ் மீனையும் விட்டனர். இரண்டும் அந்த ஆற்றுக்கு உரியவை அல்ல. கண்டத்தின் கிழக்குப் பகுதியிலிருந்து கொண்டு வரப்பட்டவை.

நீரின் அடுக்குகள்

பாஸ் பிடிப்பவர்கள் தூண்டிலோடு வெப்பமானியையும் எடுத்துச் செல்வதுண்டு. ஏன்? மீனின் உடல் வெப்பநிலை, சுற்றியுள்ள நீரின் வெப்பநிலையைப் பொறுத்தது. எனவே ஏரியில் எந்த ஆழத்தில் என்ன வெப்பநிலை என்று தெரிந்தால், மீன் எங்கே இருக்கும் என்று ஊகிக்கலாம்.

10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரின் நிறை 999.7 கிராம், 25 டிகிரியில் 997.0 கிராம். வேறுபாடு மூன்று கிராம்கூட இல்லை. ஆனால் ஒரு பெரிய ஏரியை இரண்டாகப் பிரிக்க இதுவே போதும். கோடையில் வெயில் பட்டுச் சூடான நீர் இலேசாகி மேலே மிதக்கிறது. குளிர்ந்த நீர் அடியில் தங்குகிறது. காற்று வீசினாலும் மேலடுக்கு மட்டுமே கலங்குகிறது. இரண்டுக்கும் இடையில், சில மீட்டர் ஆழத்துக்குள்ளேயே வெப்பநிலை சட்டென்று குறைகிறது.

கோடையில் பெருவாய் பாஸ் விடியற்காலையில் கரையோரம் இரை தேடும். வெயில் ஏறியதும் பாறை நிழலையோ, மூழ்கிய புதர்களையோ, சற்று ஆழமான நீரையோ நாடும். ஆயினும் பெரும்பாலும் வெதுவெதுப்பான மேலடுக்கை விட்டு நீங்காது. அடிக்குளிரில் தூண்டிலை இறக்கிக் காத்திருப்பதில் பயனில்லை.

அணையின் வாய்

இந்த அடுக்குகளே பின்னர் ஒரு சிக்கலுக்குக் காரணமாயின. மின் நிலையத்துக்கு நீர் செல்லும் குழாய்களின் வாய், ஏரி நிறைந்திருக்கும்போது மேற்பரப்பிலிருந்து சுமார் 70 மீட்டர் ஆழத்தில் இருக்கும். அங்கே குளிர்நீர்தான் உண்டு. பாஸ் மீன் அரிது. எனவே அணைக்குக் கீழே ஆறு கோடையிலும் சில்லென்று ஓடியது.

2000-ஆம் ஆண்டு முதல் நீண்ட வறட்சி. நீர்மட்டம் இறங்க இறங்க, மேலடுக்கும் சேர்ந்து இறங்கியது. 2022 கோடையில் குழாயின் வாய்க்கு மேலே சுமார் 20 மீட்டர் நீரே இருந்தது. சூடான நீரோடு சிறுவாய் பாஸ்களும் விசைச்சுழலிகளைக் கடந்து உயிரோடு ஆற்றில் விழுந்தன. அந்த ஆண்டே அணைக்குக் கீழே அவற்றின் குஞ்சுகள் காணப்பட்டன.

இதனால் ஆபத்து யாருக்கு? அந்த ஆற்றுக்கே உரிய கூன்முதுகு சப் மீனுக்கு. கொலராடோ ஆற்றுப் படுகையைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. அதன் மிகப் பெரிய கூட்டம் அணைக்குக் கீழே சுமார் 120 கிலோமீட்டர் தொலைவில் வாழ்கிறது. பாஸ் அதன் குஞ்சுகளைத் தின்றுவிடும். குளிர்நீர் சப் மீனுக்கும் உகந்ததன்று. ஆனால் பகைவனை அது தடுத்து வைத்திருந்தது.

பாஸ் முட்டையிடச் சுமார் 16 டிகிரி வெப்பம் தேவை. ஆகவே ஆற்று நீரை 15.5 டிகிரிக்குக் கீழே வைக்க முயன்றனர். மின் நிலையக் குழாய்களுக்குச் சுமார் 29 மீட்டர் கீழே வேறு குழாய்கள் உள்ளன. 2024 ஜூலை முதல் அவற்றின் வழியே குளிர்நீரைத் திறந்து கலந்தனர். 21 டிகிரி நீரும் 10 டிகிரி நீரும் சம அளவில் கலந்தால் என்ன வெப்பநிலை வரும்? நீங்களே கணக்கிடுங்கள். ஆனால் அந்தக் குழாய்களில் விசைச்சுழலி இல்லை. அவ்வழியே போகும் நீரால் மின்சாரம் கிடைக்காது. ஒரு மீனைக் காக்கக் கொடுக்கும் விலை அது.

செய்து பாருங்கள்

உயரமான கண்ணாடிக் குவளையில் பாதியளவு வெந்நீர் ஊற்றுங்கள்; கை பொறுக்கும் சூடு போதும். மை கலந்த குளிர்நீரைப் புனலும் குழாயும் கொண்டு அடியில் மெல்ல விடுங்கள். மேலே ஊதிப் பாருங்கள், மை கலங்காது. பிறகு ஒரு மெல்லிய குழாயின் வாயை மை அடுக்கின் நடுவில் நிறுத்தி, மறுமுனை வழியே நீரைக் கீழே வடியவிடுங்கள். முதலில் மை நீர் வரும். மட்டம் இறங்கும்போது, எந்தக் கட்டத்தில் தெளிந்த வெந்நீர் வரத் தொடங்குகிறது என்று கவனியுங்கள். 2022-இல் கிளென் கேன்யன் அணையில் நடந்ததும் இதுவே.