உலக இலக்கு வார்டுக்கு வந்தது எப்படி? கேரளம் வறுமையைத் தேடிப்போன கதை

ஐ.நா. சபை என்றால் நியூயார்க்கில் கூடுவார்கள், தீர்மானம் போடுவார்கள், கலைந்து போவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். 2015 செப்டம்பர் 25 அன்று 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட ‘நிலையான வளர்ச்சி இலக்குகள்’ பற்றியும் அப்படித்தான் நினைத்தோம். மொத்தம் 17 இலக்குகள், அவற்றுக்குள் 169 உட்குறிக்கோள்கள், கெடு 2030. முதல் இலக்கு வறுமை ஒழிப்பு.

கையெழுத்திட்டது டில்லி. ஆனால் நம் அரசியல் சாசனப்படி மருத்துவமனை, விவசாயம், ஊராட்சி எல்லாம் மாநிலங்களின் பொறுப்பு. ஆகவே டில்லி கொடுத்த வாக்கை நிறைவேற்றிக் காட்ட வேண்டியவை மாநிலங்கள். அவற்றை முடுக்கிவிட நிதி ஆயோக் 2018 முதல் மதிப்பெண் பட்டியல் வெளியிடத் தொடங்கியது. நூற்றுக்கு இத்தனை என்று பள்ளிக்கூட ரேங்க் கார்டு மாதிரிதான். 2020-21 பட்டியலில் கேரளம் 75 பெற்று முதலிடம். 2023-24ல் கேரளமும் உத்தராகண்டும் 79 பெற்று முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டன. தமிழ்நாடு 78.

மதிப்பெண் மாநிலத்துக்கு மொத்தமாகக் கிடைப்பது. பசி அப்படியல்ல, அது குறிப்பிட்ட ஒரு வீட்டில் இருக்கிறது. நிதி ஆயோக்கின் பல்பரிமாண வறுமைக் கணக்கில் கேரளத்தில் ஏழைகள் வெறும் 0.55 சதவீதம். இந்தியாவிலேயே மிகக் குறைவு. அத்தோடு திருப்தியடைந்து நின்றிருக்கலாம். ஆனால் 2021 மே மாதம் பதவியேற்ற அரசு தன் முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே வேறொரு வேலையைக் கையில் எடுத்தது: மிஞ்சியிருக்கும் பரம ஏழைகள் யார், எந்த வார்டில், எந்த வீட்டில்?

ஐ.நா. ஆவணம் கொடிய வறுமையை நாளொன்றுக்கு 1.25 டாலர் என்ற வருமானக் கோட்டால் அளந்தது. கேரளம் அந்தக் கோட்டை எடுத்துக்கொள்ளவில்லை. உணவு, உடல்நலம், வருமானம், இருப்பிடம் என நான்கைப் பார்த்தது. தேடும் வேலையைத் தலைமைச் செயலகமும் செய்யவில்லை. வார்டு உறுப்பினர், குடும்பஸ்ரீ பெண்கள், அங்கன்வாடி ஊழியர், ஆஷா பணியாளர் ஆகியோர் உட்கார்ந்து தங்கள் பகுதியில் யார் இருக்கிறார்கள் என்று பேசினார்கள். அந்தப் பெயர்களை வீடு வீடாகப் போய்ச் சரிபார்த்தார்கள். பிறகு கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற்றார்கள். கிடைத்த கணக்கு 64,006 குடும்பங்கள், 1,03,099 பேர்.

இவர்களில் பலர் எந்த அரசுப் பட்டியலிலும் இல்லாதவர்கள். ரேஷன் அட்டை கிடையாது, ஆதார் கிடையாது, வாக்காளர் அட்டையும் கிடையாது. விண்ணப்பம் எழுதத் தெரியாதவர்கள், வரிசையில் நிற்க உடம்பில் தெம்பில்லாதவர்கள். “விண்ணப்பித்தால் தருவோம்” என்ற முறையில் இவர்களுக்கு எக்காலத்திலும் எதுவும் போய்ச் சேராது. எனவே முதல் வேலையே ஆவணம் எடுத்துக் கொடுப்பதாக இருந்தது. அதன் பிறகு ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனித் திட்டம் எழுதினார்கள். ஒரு வீட்டுக்குத் தேவை தினசரி மருந்து. அடுத்த வீட்டுக்குச் சமைத்த சாப்பாடு, ஏனென்றால் அரிசி கொடுத்தாலும் அடுப்பு மூட்ட ஆளில்லை. இன்னொரு வீட்டுக்கு நிலமும் கூரையும்.

2025 நவம்பர் 1 அன்று, மாநிலம் பிறந்த நாளில், முதல்வர் பினராயி விஜயன் கேரளம் கொடிய வறுமையற்ற மாநிலமாகிவிட்டது என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். எதிர்க்கட்சிகள் அது மோசடி என்று சொல்லி வெளிநடப்பு செய்தன. பொருளாதார அறிஞர்கள் பலரும் கேள்வி எழுப்பினார்கள். பரம ஏழைகளுக்கான அந்தியோதயா ரேஷன் அட்டை கேரளத்தில் சுமார் 5.9 லட்சம் குடும்பங்களிடம் இருக்கும்போது, 64,006 என்ற எண் எங்கிருந்து வந்தது? பழங்குடி அமைப்புகளும் தங்கள் நிலையைச் சுட்டிக்காட்டின. அந்தியோதயா பட்டியல் வேறு, இது வேறு என்பது அரசின் பதில்.

மதரஸாவில் ஓதியவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. ஜகாத் பெறத் தகுதியுள்ளோரில் ஃபகீர், மிஸ்கீன் என இரு பிரிவினர் உண்டு. இருவரில் அதிக வறியவர் யார் என்பதில் ஷாஃபிஈ மத்ஹபும் ஹனஃபி மத்ஹபும் மாறுபடுகின்றன. முன்னவர்கள் ஃபகீர் என்பார்கள், பின்னவர்கள் மிஸ்கீன் என்பார்கள். கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆள் உள்ளே வருவார் அல்லது வெளியே நிற்பார். அறிவிப்பு அவசரப்பட்டதாகவே நமக்கும் தோன்றுகிறது. ஆனால் தேடிய முறையில் குறை சொல்ல மனம் வரவில்லை.

அந்தக் கணக்கில் நம்மை உறுத்தும் ஒரு பகுதி உண்டு. பட்டியலில் இருந்த 4,421 பேர், தனியாளாக வாழ்ந்தவர்கள், திட்டம் முடிவதற்குள் இறந்துபோனார்கள். நாடோடிகளாக வாழ்ந்த 261 குடும்பங்களைத் திரும்பக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. இருமுறை பதிவான 47 போக, மிச்சம் 59,277 குடும்பங்கள். இந்தக் கழித்தலை அரசே வெளியிட்டது நல்லதுதான்.

சரி, இங்கே என்ன நிலை? தமிழ்நாட்டில் இதே இலக்குகள் ஊராட்சிவரை ஏற்கெனவே வந்துவிட்டன. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 17 இலக்குகளை ஒன்பது கருப்பொருள்களாகச் சுருக்கி, ஒவ்வொரு கிராம ஊராட்சியும் தன் ஆண்டு வளர்ச்சித் திட்டத்தை அவற்றின்படி எழுதச் சொல்லியிருக்கிறது. முதல் கருப்பொருளே வறுமையற்ற ஊராட்சி. அந்தத் திட்டம் பேசப்பட வேண்டிய இடம் கிராம சபை. நம் மாநிலத்தில் அது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. நகரங்களில் இருப்போருக்குப் பகுதி சபை இருக்கிறது.

நம் தெருக்களிலிருந்து அங்கே போகிறவர்கள் எத்தனை பேர்? ஆண்கள் கடை, வெளியூர், வெளிநாடு என்று இருக்கிறார்கள். பெண்கள் போவதை நாம் ஊக்குவிப்பதில்லை. பக்கத்துச் சந்தில் எந்த மூதாட்டி இரவில் சாப்பிடாமல் படுக்கிறார் என்பது அந்தப் பெண்களுக்குத்தான் தெரியும். கேரளத்தில் பட்டியல் உருவானதே அப்படிப்பட்டவர்களின் வாயிலிருந்துதான்.

ஜமாஅத்துகளிடம் ஏற்கெனவே ஒரு பட்டியல் உண்டு. ரமலானில் உதவி கேட்டு வந்தவர்களின் பெயர்கள் பைத்துல்மால் நோட்டில் இருக்கின்றன. கேட்டு வராதவர்களின் பெயர்கள் அதில் இல்லை. மஹல்லாவில் நான்கைந்து பெண்கள் உட்கார்ந்து ஒரு மாலைப்பொழுதில் அந்த இரண்டாவது பட்டியலை எழுதிவிட முடியும். யாருக்கு ரேஷன் அட்டை இல்லை, எந்த விதவைக்கு உதவித்தொகை நின்றுபோனது, யார் வீட்டில் கூரை ஒழுகுகிறது என்பதையும் பக்கத்திலேயே குறிக்கலாம். கூட்டத்தில் எல்லோர் முன்பும் பெயரை வாசித்து யாரையும் கூச வைக்க வேண்டியதில்லை. ஊராட்சிச் செயலரிடம் முன்கூட்டியே எழுத்தில் கொடுத்து, எத்தனை குடும்பங்கள், என்ன தேவை என்பதை மட்டும் சபையில் சொல்லித் தீர்மானத்தில் பதியச் சொல்லலாம். அடுத்த ஆண்டுக்கான ஊராட்சித் திட்டம் பொதுவாக அக்டோபர் 2க்கும் ஜனவரி 31க்கும் இடையில்தான் எழுதப்படுகிறது.