மீன்தொட்டி மீன்களின் சோர்வும் நீர் வேதியியலும்

மீன்தொட்டியில் வளரும் மீன் இரையை மறுத்து, துடுப்புகளை உடலோடு ஒட்டி மடக்கிக்கொண்டு, அடித்தரையிலோ மூலையிலோ அசையாமல் கிடப்பது சோர்வு எனப்படுகிறது. இது தனி நோயன்று. பல காரணங்களுக்குப் பொதுவான அறிகுறி. இதைக் கண்டவுடன் கடையில் கிடைக்கும் நீலநிற மருந்தையோ நுண்ணுயிர் எதிர்ப்பியையோ ஊற்றுவது பரவலான வழக்கம். ஆனால் எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் சோர்ந்தால் குறை பெரும்பாலும் தண்ணீரில்தான் இருக்கும். ஒரு மீன் மட்டும் ஒதுங்கி நின்றால் நோய், காயம், மற்ற மீன்களின் துரத்தல் ஆகியவற்றை ஐயுறலாம்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் இந்த வேறுபாடு முக்கியமானது. கோவளம் முதல் மாமல்லபுரம் வழியாகச் சதுரங்கப்பட்டினம் வரை நீளும் கரையில் ஒரே வீட்டில் மூன்று வகைத் தண்ணீர் இருக்கக்கூடும்: ஆழ்துளைக் கிணற்று நீர், குளோரின் கலந்த குழாய் நீர், ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த கேன் தண்ணீர். கிணற்று நீரில் கடலுக்கு அருகே உப்பும், உள்ளே பாறைப் பகுதியில் கடினத்தன்மையும் மிகுதியாக இருக்கலாம். மூன்றும் பார்வைக்குத் தெளிவானவை. மீனைத் துன்புறுத்தும் விதம் மட்டும் வேறு வேறு.

அம்மோனியா

மீன்கள் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றுகின்றன. மிஞ்சிய இரையும் கழிவும் அழுகி மேலும் அம்மோனியாவைத் தருகின்றன. வடிகட்டியில் வாழும் பாக்டீரியா இதை நைட்ரைட்டாகவும், பின்னர் நச்சுத்தன்மை குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகிறது. புதிய தொட்டியில் இந்தப் பாக்டீரியா போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். வாங்கி வந்த முதல் மாதத்திலேயே மீன்கள் இறப்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

அம்மோனியா தண்ணீரில் இரு வடிவங்களில் இருக்கிறது: நச்சுள்ள அம்மோனியா, அதைவிட மிகக் குறைந்த தீங்குடைய அம்மோனியம். பி.எச். மதிப்பும் வெப்பமும் கூடினால் நச்சு வடிவம் கூடும். 30 டிகிரி செல்சியசில், பி.எச். 7 உள்ள நன்னீரில் மொத்த அம்மோனியாவில் சுமார் 0.8 விழுக்காடுதான் நச்சு வடிவம், பி.எச். 8 ஆனால் அது ஏறத்தாழ 7.5 விழுக்காடு. ஆகவே ஒருவர் தொட்டியில் தீங்கு செய்யாத அளவு, காரத்தன்மையுள்ள கிணற்று நீர் நிரப்பிய இன்னொருவர் தொட்டியில் கொல்லக்கூடும்.

தண்ணீர் மாற்றியபின் நேரும் இறப்பு

வளர்ப்போரை அதிகம் குழப்புவது இதுதான். கேன் தண்ணீரில் கார்பனேட்டு உப்புகள் மிகக் குறைவு. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது. அதைத் தாங்கும் கார்பனேட்டு தீர்ந்ததும் பி.எச். சரிகிறது. 6-க்குக் கீழே போனால் பாக்டீரியாவின் வேலை ஏறக்குறைய நின்றுவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும்; ஆனால் அமில நீரில் அது அம்மோனியமாக இருப்பதால் மீன்கள் உடனே சாவதில்லை, மந்தமாகத் திரிகின்றன. அதைப் பார்த்து மனம் பொறாமல் பாதித் தொட்டியைக் காலிசெய்து போர் தண்ணீரை ஊற்றினால் பி.எச். சட்டென ஏறும், சேர்ந்திருந்த அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும். சில மணி நேரத்தில் மீன்கள் மிதக்கும். பழி பெரும்பாலும் "போர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கிணற்றின் மீது விழுகிறது.

இத்தகைய தொட்டியில் இரையை நிறுத்தி, பழைய நீரின் பி.எச். மதிப்புக்கு நெருங்கிய நீரால் சிறிது சிறிதாகப் பல நாட்களில் மாற்றுவதே பாதுகாப்பானது. கார்பனேட்டு அளவை அதன்பின் மெதுவாக உயர்த்தலாம். கேன் தண்ணீர்க்காரர் கொண்டுவரும் டி.டி.எஸ். மானி இங்கே உதவாது. அது கரைந்த உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும், அம்மோனியாவைப் பிரித்துச் சொல்லாது. அம்மோனியா, நைட்ரைட்டு, பி.எச்., கார்பனேட்டுக் கடினத்தன்மை ஆகியவற்றுக்கான சொட்டுமருந்துச் சோதனைப் பெட்டி தேவை.

சென்னை கொளத்தூர்ச் சந்தையிலிருந்து பையில் கொண்டுவரும் மீன்களுக்கும் இதே விதி பொருந்தும். பயணத்தில் கரியமில வாயு சேர்ந்து பையின் நீர் அமிலமாகிறது. பையைத் திறந்ததும் அவ்வாயு வெளியேறி பி.எச். உயர்கிறது. எனவே நெடும்பயணப் பையைத் திறந்து வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பது தவறு.

பிற காரணங்கள்

நைட்ரைட்டு இரத்தத்தின் ஆக்சிஜன் ஏந்தும் திறனைக் கெடுக்கிறது. இரத்தம் பழுப்பாகும்; நீரில் ஆக்சிஜன் இருந்தும் மீன் திணறும். குளோரைடு, நைட்ரைட்டு செவுளுக்குள் நுழைவதைத் தடுக்கிறது. லிட்டருக்கு 1 கிராம் உப்பு சேர்ப்பது இதனால்தான். உப்பேறிய கடலோரக் கிணற்று நீரில் இந்தப் பாதுகாப்பு ஓரளவு ஏற்கெனவே இருக்கும்.

குழாய் நீர் ஊற்றிய சில நிமிடங்களில் மீன்கள் துள்ளினால் குளோரினை ஐயுற வேண்டும். சோடியம் தயோசல்பேட்டு அதை நீக்கும்.

விடியற்காலையில் மட்டும் மீன்கள் மேற்பரப்பில் வாய் பிளந்தால் அது ஆக்சிஜன் குறைவு. செடிகளும் இரவில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கத்திரி வெயில் நாட்களில் நிலைமை மோசமாகும்: 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் ஏந்தும் நன்னீர், 30 டிகிரியில் 7.5 மில்லிகிராம்தான் ஏந்தும். 2016 டிசம்பர் 12 அன்று கரை கடந்த வர்தா புயலுக்குப் பின் நேர்ந்ததுபோன்ற நீண்ட மின்வெட்டில் காற்றுக் குழாயுடன் வடிகட்டியும் நின்றுவிடும். மூடிய வடிகட்டியில் பாக்டீரியா மடிந்து அழுகும்; மின்சாரம் வந்ததும் கழுவாமல் அதை இயக்கினால் அந்த அழுகல் முழுவதும் தொட்டிக்குள் வரும்.

நன்னீரில் உவர்நீர் மீன்கள்

எல்லாச் சோதனையும் சரியாக இருந்தும் மாதக்கணக்கில் நிறம் மங்கிச் சோரும் மீன்களும் உண்டு. புள்ளி ஸ்காட், சில்வர் மூனி போன்ற கழிமுக மீன்கள் கடைகளில் நன்னீர் மீன்களாக விற்கப்படுகின்றன. குஞ்சுகள் நன்னீரைச் சிலகாலம் தாங்கும். வளர வளர உப்பு வேண்டும். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், 1987-ல் தொடங்கப்பட்டது, முட்டுக்காட்டிலுள்ள தன் ஆய்வு நிலையத்தில் சில்வர் மூனி உள்ளிட்ட உவர்நீர் அலங்கார மீன்களை இனப்பெருக்கம் செய்துள்ளது. இத்தகைய மீன் சோர்ந்தால் கடல் உப்புக் கலவையால் உப்புத்தன்மையை நாள்தோறும் சிறிதளவாக உயர்த்த வேண்டும். வடிகட்டியிலுள்ள பாக்டீரியா பழகுவதற்கும் அந்த அவகாசம் தேவை. அதே தொட்டியில் டெட்ராவோ கெளுத்தியோ இருந்தால் முதலில் அவற்றை வேறு தொட்டிக்கு மாற்றிவிட வேண்டும்.