புற்றுநோயாளரின் கால் வீக்கத்தை அலட்சியம் செய்யலாகாது

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுவரும் ஒருவரின் கால்களில் ஒன்று மட்டும் திடீரென வீங்கிவிடுகின்றது. "நெடுந்தூரம் பஸ்ஸில் இருந்து வந்ததால் நீர் இறங்கிவிட்டது" என்கின்றனர் வீட்டார். எண்ணெய் பூசி உருவிவிடுகின்றனர். அடுத்த கிளினிக் தினத்தில் வைத்தியரிடம் சொல்லிக்கொள்ளலாம் என ஒத்திவைக்கின்றனர். இந்த ஒத்திவைப்பு சில வேளைகளில் உயிரையே பறித்துவிடுகின்றது. எனவேதான் இவ்விடயம் குறித்து இங்கு சற்று விரிவாக நோக்க விரும்புகின்றோம்.

புற்றுநோய்க்கும் இரத்தம் உறைவதற்கும் உள்ள தொடர்பு புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. பாரிஸ் நகரின் புகழ்பெற்ற வைத்தியரான ஆர்மன் துரூசோ, காரணமின்றி நாளங்களில் இரத்தம் உறைவது மறைந்திருக்கும் புற்றுநோயின் அறிகுறியாக இருக்கலாம் என 1865 ஆம் ஆண்டில் எடுத்துரைத்தார். இரண்டு வருடங்கள் கழித்து அதே அறிகுறி அவரது உடலிலேயே தோன்றியது. அதன் பொருள் யாதென்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தாம் பிழைக்கப்போவதில்லை எனத் தமது மாணவரிடம் கூறிய அவர், 1867 ஜூன் மாதத்தில் இரைப்பைப் புற்றுநோயினால் காலமானார்.

அவ்வாறாயின் புற்றுநோய் ஏன் இரத்தத்தை உறையச் செய்கின்றது?

காயம் ஏற்படும்போது இரத்தம் உறைவது இயற்கை எமக்களித்த பாதுகாப்பாகும். இரத்தக் குழாய்க்கு வெளியேயுள்ள இழையங்களில் 'இழையக் காரணி' எனப்படும் புரதம் உண்டு. குழாய் வெட்டுப்பட்டு இரத்தம் இப்புரதத்தைத் தொடும்போதே உறைதல் ஆரம்பமாகின்றது. புற்றுநோய்க் கலங்களில் பல இப்புரதத்தைத் தாமே பெருமளவில் உற்பத்தி செய்வதுடன், அதனைத் தாங்கிய நுண்துணிக்கைகளை இரத்தத்திலும் கலந்துவிடுகின்றன. இதனால் காயமே இல்லாத இடத்தில் காயம் ஏற்பட்டது போன்று உடல் ஏமாற்றப்படுகின்றது. நோயினால் உண்டாகும் அழற்சியானது குருதிச் சிறுதட்டுகளையும் வெண்குருதிக் கலங்களையும் தூண்டி, உறையும் தன்மையை மேலும் அதிகரிக்கின்றது.

இரத்த ஓட்டம் மந்தமடைதல், குழாயின் உட்சுவர் பாதிப்படைதல், இரத்தத்தின் உறையும் தன்மை அதிகரித்தல் ஆகிய மூன்றுமே இரத்த உறைவிற்கான காரணங்கள் என்பது ஜேர்மனிய அறிஞர் ருடோல்ப் விர்கோவின் பெயரால் வழங்கிவரும் கோட்பாடாகும். புற்றுநோயாளரிடத்தில் இம்மூன்றும் ஒருசேர அமைந்துவிடுகின்றன. கட்டி நாளத்தை அழுத்துகின்றது. நோயாளி படுக்கையில் கிடக்கின்றார். சத்திரசிகிச்சை, கீமோதெரபி, மருந்தேற்றுவதற்காக நாளத்தினுள் செலுத்தப்படும் குழாய் ஆகியன உட்சுவரைப் பாதிக்கின்றன. மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் டமொக்சிபென் போன்ற சில மருந்துகளும் இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இக்காரணத்திற்காக அம்மருந்துகளைத் தாமாகவே நிறுத்திவிடுவது அதனிலும் பெரிய ஆபத்தாகும்.

ஏனையோருடன் ஒப்பிடுகையில் புற்றுநோயாளருக்கு இந்த ஆபத்து 4 முதல் 7 மடங்கு வரை அதிகமென ஆய்வுகள் மதிப்பிட்டுள்ளன. கணையம், இரைப்பை, மூளை, சுவாசப்பை, சூலகம் ஆகியவற்றின் புற்றுநோய்களில் இது மேலும் உயர்வாகக் காணப்படுகின்றது. நோய் கண்டறியப்பட்டதன் பின்னரான முதற்சில மாதங்களே மிகுந்த அவதானத்துக்குரியவை. கீமோதெரபி பெற்ற வெளிநோயாளரின் மரணங்களில், புற்றுநோய்க்கு அடுத்த காரணமாக இரத்த உறைவும் நோய்த்தொற்றும் சமநிலையில் இருந்ததாக அமெரிக்காவில் 2007 இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

காலில் உருவாகும் இரத்தக்கட்டி பெயர்ந்து சுவாசப்பையை அடைக்குமாயின் சில நிமிடங்களிலேயே மரணம் சம்பவிக்கலாம். ஒரு காலில் அல்லது ஒரு கையில் மட்டும் வீக்கம், வலி, சூடு, நிறமாற்றம் தோன்றினால் அன்றைய தினமே வைத்தியசாலையை நாட வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலுடன் இரத்தம், மயக்கம் என்பன ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாத அறிகுறிகளாகும். வீங்கிய காலை உருவுவது எக்காரணம் கொண்டும் கூடாது.

ஆறுதலான விடயம், இதற்குச் சிகிச்சை உண்டு என்பதாகும். பெரும்பாலும் ஒரு ஸ்கேன் பரிசோதனை மூலம் காலிலுள்ள கட்டியைக் கண்டறிந்துவிடலாம். புற்றுநோயாளரில் வார்பரினைவிட ஹெபாரின் வகை ஊசிமருந்து கட்டி மீண்டும் ஏற்படுவதை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கின்றது என்பது 2003 இல் உறுதியானது. 2018 இன் பின்னர் புதிய வகைக் குளிசைகளும் பலருக்குப் பொருத்தமானவை எனத் தெரியவந்துள்ளது. எனினும் இவை இரத்தப்போக்கையும் ஏற்படுத்தக்கூடியவை. ஆதலால் எவருக்கு, எதனை, எவ்வளவு காலம் வழங்குவதென்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

ஹெபாரின் பெரும்பாலும் பன்றியின் குடலிலிருந்து பெறப்படுவதால் முஸ்லிம் நோயாளர்களுக்குத் தயக்கம் எழுவது இயல்பே. உயிர்காக்கும் நிர்ப்பந்தத்தில் விலக்களிப்பு உண்டென்பது மார்க்க அறிஞர்கள் பலரது நிலைப்பாடாகும். விலங்கிலிருந்து பெறப்படாத மாற்று மருந்துகளும் உள்ளன. தயக்கத்தை மனதுக்குள் வைத்துக்கொண்டு ஊசியைத் தவிர்ப்பதே ஆபத்தானது. அதனை வைத்தியரிடம் வெளிப்படையாகக் கூறுவதே அறிவுடைமை.

வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மகரகமவுக்கு இரவிரவாகப் பயணிக்கும் நோயாளர்கள் இன்றும் உள்ளனர். வழியில் இறங்கிச் சிறிது நடப்பதும், இருக்கையிலேயே கணுக்கால்களை அசைப்பதும், போதியளவு நீர் அருந்துவதும் செலவில்லாத தற்காப்புகளாகும். அதேவேளை, கீமோதெரபியை ஆரம்பிக்கும் நாளிலேயே இவ்வறிகுறிகளை நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் அவர்களது மொழியில் விளக்கிக்கூறுவது வைத்தியசாலைகளின் பொறுப்பாகும். தமிழில் அச்சிட்ட ஒரு துண்டுப்பிரசுரம்கூட ஓர் உயிரைக் காக்கக்கூடும்.

துரூசோவின் காலத்தில் வீங்கிய கால் மரணத்தின் முன்னறிவித்தலாக இருந்தது. இன்று அது உரிய நேரத்தில் செயற்படுமாறு விடுக்கப்படும் எச்சரிக்கையாகும். அந்த எச்சரிக்கையை அடுத்த கிளினிக் தினம் வரை காத்திருக்க வைக்க வேண்டாம் என்பதே எமது வேண்டுகோளாகும்.