கழுத்துப் பிடிப்பு எங்கிருந்து வருகிறது?

காலை எட்டரை மணிக்குத் தாம்பரத்திலிருந்து கடற்கரைக்குப் போகும் மின்ரயிலில் நிற்பவர்களைக் கவனியுங்கள். ஒரு கை மேல்பிடியில், மறு கையில் கைபேசி, முதுகில் லேப்டாப் பை. தலை மட்டும் கவிழ்ந்திருக்கும். மனிதத் தலையின் எடை சுமார் 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் அதை முதுகெலும்பு தாங்கிக்கொள்ளும். கவிழ்ந்தால் பிடரித் தசைகள்தான் இழுத்துப் பிடிக்க வேண்டும். இறங்கி அலுவலகம் போனால் அங்கேயும் அதே வேலை.

தசை இறுகித் தளரும்போதுதான் அதற்குள் ரத்தம் நன்றாக ஓடும். இறுகியே கிடந்தால் ரத்தக் குழாய்கள் நசுங்கும், பிராணவாயு குறையும், வலி நரம்புகள் சீண்டப்படும். பாரம் தூக்காமலே தோள் வலிப்பது இதனால்தான். கடன் தவணையை நினைத்தாலும் தோள் தானாக உயரும், பல் கடிபடும். வலியால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலி கூடும்.

சாயங்காலம் தலையைச் சுற்றிக் கயிறு கட்டியது போன்ற வலி பெரும்பாலும் இதன் தொடர்ச்சி. அதற்கென்று மாதத்தில் 15 நாளுக்கு மேல் மாத்திரை போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைத் தரத் தொடங்கலாம்.

சரி, என்ன செய்வது? அரைமணிக்கொரு முறை எழுந்து நடங்கள். சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929-இல் நூலாகவே எழுதிய முறை ஒன்று உண்டு: தோளைக் காதுவரை தூக்கி ஐந்து நொடி இறுக்கி, சட்டென்று விடுங்கள். கால், கை, தாடை என்று ஒவ்வொன்றாக இதையே செய்யலாம். செலவில்லை, வெந்நீர் ஒத்தடத்துக்கும் பெரிய செலவில்லை. பிடித்துவிட்டால் சுகம் என்பவர்களுக்கு, தாம்பரம் சானடோரியத்தில் 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. சித்த மருத்துவத்தில் பிடித்துவிடுவதற்குத் தொக்கணம் என்று பெயர். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். கழுத்து ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

எல்லா வலியையும் ‘வாயுப் பிடிப்பு’ என்று தள்ளிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதுதான் ஆபத்து. கை மரத்துப்போய் வலுவிழந்தாலோ, காய்ச்சலோடு கழுத்து விறைத்தாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். இடது தோள், தாடை, நெஞ்சு வலியோடு வியர்த்துக் கொட்டினால் தைலம் தேடாதீர்கள், 108-ஐ அழையுங்கள்.