சிஎன்ஜி காரில் இலவச ஏசி கிடைக்குமா?

காக்களூர் சிட்கோவுக்கு தினமும் சிஎன்ஜி காரில் வேலைக்குப் போறீங்களா? "கேஸோட குளிர்ச்சியை ஏசிக்குத் திருப்பிடலாம், மைலேஜ் ஏறும்"னு யாராவது கிட் விற்க வந்தா, பணம் கொடுக்கும் முன் இந்தக் கணக்கைப் பாருங்க.

கேஸில் குளிர்ச்சி இருக்கிறது உண்மைதான், ஆனா அது எல்என்ஜியில். எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019-ல் திறந்த இந்தியன் ஆயில் முனையத்துக்குக் கப்பலில் வர்ற எல்என்ஜி, சுமார் மைனஸ் 160 டிகிரியில் இருக்கும் திரவம். எல்என்ஜி லாரியில் இன்ஜின் சுடுதண்ணிதான் அதை வாயுவாக்குது; குளிர் வீணாப் போகுது. கிலோவுக்கு சுமார் 800 கிலோஜூல். மணிக்கு 15 கிலோ எரிச்சா, கிட்டத்தட்ட 1 டன் ஏசி! மீன், ஐஸ்கிரீம் ஏத்துற லாரிக்கு இதை மீட்டா லாபம்தான்.

உங்க காரில் இருக்கிறது சிஎன்ஜி. சுமார் 200 பார் அழுத்தத்தில் அடைச்ச வாயு. டேங்கில் குளிராவே இருக்காது. ரெகுலேட்டரில் அழுத்தம் குறையும்போதுதான் கொஞ்சம் குளிரும். மணிக்கு 2 கிலோ கேஸ்னா, கிடைக்கிறது 100 வாட் பக்கம். 1 டன் ஏசிக்கு வேண்டியது 3,500 வாட். அந்த ரெகுலேட்டர் உறையாம இருக்கத்தான் இன்ஜின் சுடுதண்ணி அதில் ஓடுது. அதில் கை வச்சா வாரண்டிக்கும் சிக்கல் வரலாம்.

எந்த 'மிச்சம்' கருவிக்கும் ஒரே கேள்வி: விலையை மாச மிச்சத்தால் வகுத்தா எத்தனை மாசம்? இங்கே மிச்சமே பூஜ்யம் பக்கம். போட்ட காசு திரும்பவே திரும்பாது. அந்தப் பணம் உங்க எமர்ஜென்சி ஃபண்டிலேயே இருக்கட்டும்.